திருகோணமலையில் இருந்து சுயாதீனப் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகள் வாட்ஸ்அப்பில் வருகின்றன, பட்டறை முடிந்து தேநீர் குடிக்கும்போது வருகின்றன, சில நேரம் கலியாண வீட்டில் நான் கமரா பிடித்துக்கொண்டு நிற்கும்போதே வருகின்றன. ஆளுக்கு ஆள் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது லேசு. நான் குறும்படமும் ஆவணப்படமும் எடுப்பவன், பிழைப்புக்குக் கலியாண வீடியோவும் எடுப்பவன். பதில்களும் அந்த நிலையில் இருந்து வருபவைதான்.

சுயாதீனப் படம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

கடைசி வெட்டு யாருடைய கையில் இருக்கிறது என்று பாருங்கள். எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்பதை எடுத்தவரே தீர்மானித்தால் அது சுயாதீனப் படம். செலவு கூடவா குறைவா என்பது வேறு கதை. தொண்டு நிறுவனத்துக்குக் கொஞ்சக் காசில் எடுத்துக் கொடுக்கும் படமும் நல்ல வேலைதான், ஆனால் அது அவர்களுடைய படம்.

அண்ணா, இதை வைத்து வாழலாமா?

படத்தை மட்டும் வைத்து என்றால், திருமலையில் (திருகோணமலையை நாங்கள் சொல்வது இப்படித்தான்) அப்படி வாழ்கிற ஒருவரையும் எனக்குத் தெரியாது. கமராவை வைத்து வாழலாம். கலியாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள் இருக்கிறது. கோயில் திருவிழா நேரலை இருக்கிறது: கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்கும் ஊர்க்காரர் தேர் இழுப்பதைப் பார்க்கக் காசு சேர்த்து அனுப்புகிறார்கள். உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்குச் சின்னச் சின்ன விளம்பரங்கள் இருக்கின்றன. திட்டம் முடிந்ததும் தொண்டு நிறுவனங்களுக்கு ஆவணப்படம் தேவைப்படுகிறது. இவற்றோடு, மற்றவர்கள் எடுத்ததை வெட்டிக் கொடுக்கும் படத்தொகுப்பு வேலை. கரண்டும் இணையமும் இருந்தால் அதைச் சாம்பல்தீவில் இருந்தும் செய்யலாம்.

இதற்கு ஒரு நாட்காட்டி உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் எங்கள் ஆட்கள் கலியாணம் வைப்பதில்லை. ஆடி மாதம் திருமலையில் மழை குறைவு, கடல் அமைதி, பகல் முழுக்க வெளிச்சம். சொந்தப் படத்துக்கு அதைவிட நல்ல மாதம் கிடையாது. மார்கழியில் மழை, ஆகவே கதவைப் பூட்டிக்கொண்டு வெட்டலாம். விடுதிக்காரரின் வேலை மே தொடங்கிச் செப்டம்பர் வரை வரும், அதோடு ஆடியை மோதவிடாமல் முதலே பேசி ஒதுக்கிவைக்க வேண்டும்.

ஒருவர் எத்தனை படம் எடுத்தார் என்று நான் எண்ணுவதில்லை. இந்தப் படம் முடிந்தபிறகு அடுத்ததை எடுக்கக்கூடிய நிலையில் ஆள் இருக்கிறாரா என்றுதான் பார்ப்பேன். கடன், ஊர்ப்பகை, எழுதிக் கொடுத்துவிட்ட உரிமை, கெட்டுப்போன உடம்பு, இந்த நாலில் ஒன்று போதும் இரண்டாவது படம் வராமல் போக. கீழே இருக்கிற பதில்கள் அநேகமாக இதைச் சுற்றித்தான் வரும்.

மகன் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்துவிட்டுப் படம் எடுக்கப் போறன் என்று நிற்கிறான். நாங்கள் என்ன செய்வது, தம்பி?

அம்மா, முதலில் அவன் முடித்த ஒரு படத்தைக் காட்டச் சொல்லுங்கள். தொடங்கினது எல்லோரிடமும் இருக்கும். மூன்று நிமிடமாக இருந்தாலும் முடித்தது ஒன்று இருந்தால் அவனை நம்பலாம்.

படிக்கவும் சொல்லுங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருக்கிறது, தொடர்பாடல் அங்கே ஒரு பாடம். நாடகத்திலும் காண்பியக் கலையிலும் விருப்பம் என்றால் மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே படிக்கும் காலத்தில் நல்ல நடிகர்களையும் இசைக்காரரையும் சந்திப்பான், பிறகு அவர்கள்தான் அவனுடைய குழு. கையில் ஒரு தொழிலாக முதலில் படத்தொகுப்பைப் பழகட்டும். சம்பளம் முதலில் வருவது அதில்தான்.

கமரா வாங்க நகையை அடகு வைக்க வேண்டாம். அழுதாலும் வேண்டாம்.

எந்தக் கமரா வாங்கலாம்?

ஆகக் கூடுதலாக வரும் கேள்வி, ஆகக் குறைந்த நேரம் யோசிக்க வேண்டிய கேள்வி. முதல் படத்துக்குக் கையில் இருக்கிற போன் போதும். இரவுக் காட்சியும் தூரத்துக் காட்சியும் இல்லாமல் கதையை எழுதினால் போனின் குறை தெரியாது. அடுத்ததுக்கு, கலியாண வீடியோ எடுக்கும் நண்பரிடம் வேலை இல்லாத நாளில் வாடகைக்கு எடுங்கள்.

நிமிடத்துக்கு நிமிடம் படம் பளிச்சென்று மாறாமல் இருக்க வெளிச்ச அளவைப் பூட்டி வையுங்கள். எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், ஆகவே குழல் விளக்குக்குக் கீழே ஷட்டரை ஒரு செக்கனில் ஐம்பதில் ஒரு பங்குக்கு (1/50) வைத்தால் மினுங்கல் வராது. கடற்கரை வெயிலில் அதே ஷட்டரோடு எடுக்க லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி, அதாவது என்.டி. ஃபில்டர், கட்டாயம் வேண்டும்.

அப்புறம் உப்பு. உப்புவெளிக் கரையில் ஒரு பின்னேரம் நின்றாலே லென்ஸில் மெல்லிய படலம் படிந்துவிடும். மாற்று லென்ஸைக் கரையில் நின்று மாட்டாதீர்கள், வானுக்குள் ஏறி மாட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் கமராவின் உடம்பை ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். ஒக்டோபரில் மழை தொடங்கினால் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு மூடி வையுங்கள்.

எங்கள் படத்தில் ஒலி ஏன் இப்படி இருக்கிறது?

நல்ல கேள்வி. ஏனோ இதை ஒருவரும் முதலில் கேட்பதில்லை.

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஆட்கள் அதை ஒரு பாணி என்று நினைத்துப் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் கேட்கவில்லை என்றால் எழும்பிப் போய்விடுவார்கள். நாங்கள் இருப்பதோ ஒலிக்காரருக்கு ஆகக் கஷ்டமான ஊர். டச்சு வளைகுடாப் பக்கம் அலை ஓயாது. மே, ஜூனில் மத்தியானத்தில் தென்மேற்கில் இருந்து வீசும் கச்சான் காற்று ஒலிவாங்கிக்குள் புகுந்துவிடும். ஒரு பக்கம் கோயில் ஒலிபெருக்கி, மறுபக்கம் பாங்கு, இடையில் ஓட்டோவும் காகமும்.

கடலோரத்தில் இரண்டு பேர் பேசும் காட்சி வேண்டுமா? உட்துறைமுகப் பக்கம் போய்ப் பாருங்கள். நிலத்தால் சூழப்பட்ட தண்ணீர், அலை பெரிதாக அடிக்காது. அதைப் பிடித்துவிட்டு, திறந்த கடலைப் பேச்சில்லாத காட்சியாகத் தனியே எடுத்துச் சேர்க்கலாம். கரையிலேயே எடுத்தாக வேண்டும் என்றால் சட்டைக்குள் மறைக்கும் சின்ன ஒலிவாங்கி, பூமுக்கு, அதாவது நீளத் தடியில் பிடிக்கும் ஒலிவாங்கிக்கு, பூனை முடிபோல் இருக்கும் காற்று உறை, இரண்டும் வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் எல்லோரையும் வாய் மூடச் சொல்லி ஒரு நிமிடம் வெறும் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். தொகுப்பு மேசையில் இரண்டு வசனத்துக்கு இடையில் வரும் ஓட்டையை அடைக்க அதுதான் உதவும். படப்பிடிப்பு நாளில் குழுவில் ஆகப் பொறுமையான ஆளிடம் ஒலியைக் கொடுங்கள். கடைசியாக வந்த ஆளிடம் பூமை நீட்டுவது எங்கள் பழக்கம், படம் அதில்தான் கெட்டுப்போகிறது.

வெளிச்சத்துக்கு நல்ல நேரம், நல்ல காலம் எது?

எங்கள் ஊருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. காலையில் உப்புவெளி, நிலாவெளி, டச்சு வளைகுடாவில் சூரியன் கடலில் இருந்து எழும்புகிறது. பின்னேரம் உட்துறைமுகப் பக்கம் தண்ணீருக்கு அப்பால் மலைகளுக்குப் பின்னே இறங்குகிறது. இரண்டுக்கும் இடையில் ஓட்டோவில் சில நிமிடத் தூரம். ஆனால் மத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் சூரியன் செங்குத்தாக இறங்கும். பொன்னிற வெளிச்சம் என்று இணையத்தில் ஒரு மணித்தியாலக் கணக்குச் சொல்வார்கள், இங்கே அரை மணித்தியாலத்தை நம்பி வேலை செய்யுங்கள். நடிகருக்கு வசனம் பாடமாக இருக்க வேண்டும், ஒத்திகை முதலே முடிந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் முடிவிலும் மத்தியானச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், முகத்தில் கண் இருக்கிற இடம் கறுப்புக் குழியாகத் தெரியும். அந்த நேரம் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளை எடுங்கள்.

அனுமதி எங்கே எடுப்பது? கட்டாயமா?

இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருமலை சாதாரண ஊர் இல்லை. கடற்படைத் தளம் இருக்கிறது. சீனக்குடாவில் விமானப்படை. பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியே அந்தக் கோட்டைக்குள்ளால்தான். அங்கே திரியும் மானைப் போனில் படம் எடுப்பவரை ஒருவரும் கேட்கப்போவதில்லை. அதே இடத்தில் முக்காலியை விரித்துவைத்தால் இரண்டாவது நிமிடத்தில் கேள்வி வரும்.

தெருவில், சந்தையில், கரையில் என்றால் நான் செய்வது இது: கதைச் சுருக்கம் ஒரு பக்கம், குழுவின் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி, நேரம், இடம் எல்லாவற்றையும் எழுதி, தமிழிலும் சிங்களத்திலும் கடிதம் தயாரித்து, பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் ஒரு பிரதி, பொலிஸில் ஒரு பிரதி, கிராம உத்தியோகத்தரிடம் ஒரு பிரதி. பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் இருப்பார், அவரை அறிமுகம் செய்துகொள்ளுங்கள். பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்திய பிரதியைக் கையில் வைத்திருங்கள். வீதியில் ஒருவர் வந்து கேட்கும்போது விளக்கம் சொல்லத் தொடங்காமல் தாளை நீட்டுங்கள். சிங்களம் நல்லாகப் பேசக்கூடிய ஒருவர் குழுவில் இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும்.

பழைய கட்டடங்களுக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் தொல்பொருள் திணைக்களத்தைக் கேட்க வேண்டும். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் தீவான புறாமலை 2003 இல் இருந்து தேசியப் பூங்கா, அங்கே வனசீவராசிகள் திணைக்களம். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதுவென்றாலும் நிர்வாக சபை. ஐயரிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போனால் பிறகு தலைவர் வருவார், தலைவரிடம் மட்டும் கேட்டால் ஐயர் முகத்தைத் திருப்புவார். இரண்டு பேரையும் கேளுங்கள்.

கடிதத்தில் பொய் எழுத வேண்டாம். அரசியல் படத்தைச் சுற்றுலாப் படம் என்று எழுதி அனுமதி எடுத்தவர்கள் உண்டு. படம் வந்தபிறகு கையெழுத்துப் போட்ட உத்தியோகத்தருக்குத்தான் சிக்கல், அடுத்ததாக வருகிற பொடியனுக்கும் அந்தக் கந்தோரில் கதவு சாத்தப்படும். சொல்ல முடியாத கதை என்றால் ஒரு வீட்டுக்குள், நான்கு சுவருக்குள் எடுக்கும்படி எழுதுங்கள்.

ட்ரோன்?

சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகளை வாசித்துப் பதிவு செய்யாமல் பறக்கவிடாதீர்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுக்க ட்ரோன் பறப்பை நிறுத்திவைத்தார்கள். அந்தப் பதற்றம் திருமலையில் இன்னும் கூட. துறைமுகத்துக்கும் சீனக்குடாவுக்கும் கிட்டப் போகவே போகாதீர்கள். என் சொந்தக் கருத்து: மேலே இருந்து எடுத்த கடற்கரை எல்லாப் படத்திலும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் இவ்வளவு அழகு. அதைக் காட்டினாலே போதாதா?

வெளியாட்கள் அதை எப்போதோ செய்துவிட்டார்கள். சிங்களத்தின் முதல் வண்ணப்படமான ‘ரன்முத்து தூவ’ 1962 இல் வந்தது. மைக் வில்சன் இயக்கிய அந்தப் படத்துக்குத் திருகோணமலைக் கடலடியில் காட்சிகள் எடுத்தார்கள். அவரும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் 1950களில், கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலைக்குக் கீழே கடலில் முங்கி, பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டவர்கள். அதற்குப் பிறகு எத்தனையோ பாட்டுக்காட்சி, விளம்பரம், சுற்றுலாப் படம். எல்லாவற்றிலும் திருமலை ஒரு நீலத் திரை, அதற்கு முன்னால் யாரோ ஒருவர் ஆடிவிட்டுப் போகிறார்.

நீங்கள் இங்கே பிறந்தவர். வெளியாளுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். கரைவலை இழுக்கும் விடியற்காலையில் சம்மாட்டி கணக்குப் புத்தகத்தோடு எங்கே நிற்பார் என்று தெரியும். பாலம் வருவதற்கு முன்னம் கிண்ணியாவுக்குத் தோணியில் போனவர்கள் அந்த நேரத்தில் என்ன பேசிக்கொள்வார்கள் என்று உங்கள் பெரியம்மாவுக்குத் தெரியும். பருவத்துக்குப் பருவம் வாடி போட்டுத் தங்கும் மீனவர்களுக்கும் ஊர் மீனவர்களுக்கும் இடையில் என்ன இழுபறி, சிங்களப் பக்கத்து வீட்டுக்காரியிடம் உங்கள் அம்மா எந்த மொழியில் சண்டை பிடிப்பார், இரவு ரயிலில் கொழும்புக் கோட்டைக்குப் போகும் பொடியன் சாப்பாட்டுப் பார்சலை எந்த ஸ்டேஷனில் திறப்பான். படம் இதற்குள் இருக்கிறது. கடல் பின்னால் தெரிந்தால் தெரியட்டும்.

யுத்தத்தைப் பற்றி எடுக்கலாமா? காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களைப் பேட்டி எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் முதல் படமாக வேண்டாம் என்பேன்.

அந்த அம்மாக்களை ஏற்கெனவே பல கமராக்கள் அழவைத்திருக்கின்றன. வெளிநாட்டில் இருந்து வந்தவரும் கேட்டார், கொழும்பில் இருந்து வந்தவரும் கேட்டார், ஒருவரும் முடித்த படத்தைக் கொண்டுவந்து காட்டவில்லை. நீங்கள் போகும்போது அந்தக் கசப்பும் வாசலில் இருக்கும். முதல் சில தடவை கமரா இல்லாமல் போங்கள். கதைக்க விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாமல் திரும்புங்கள். ஒப்புதலை இரண்டு தடவை கேளுங்கள்: எடுப்பதற்கு முன்னம் ஒன்று, வெட்டி முடித்தபிறகு படத்தைப் போட்டுக் காட்டி இன்னொன்று. முகம் தெரியலாமா, பெயர் வரலாமா, ஊர் வரலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டாவது தடவை அவர் வேண்டாம் என்றால் அதை வெட்டி நீக்கத்தான் வேண்டும், அது உங்களுடைய ஆக நல்ல காட்சியாக இருந்தாலும் சரி. நீங்கள் ஒரு விழாவுக்குப் பறந்துவிடலாம், அவர் அதே தெருவில் இருக்கப்போகிறவர்.

வெட்டாத பதிவுகளை ஒருவருக்கும் கொடுக்காதீர்கள். நல்ல நோக்கத்தோடு கேட்கும் நிறுவனம் என்றாலும் கொடுக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு நிறுவனத்துக்காக எடுத்த பேட்டி, அவரைக் கேட்காமலே வேறொரு நாட்டில் வேறொரு பிரசாரப் படத்துக்குள் போய்விட்டது. பேட்டி கொடுத்த குடும்பம் இன்றும் அவரோடு கதைப்பதில்லை.

இதே இடத்தில் இன்னொன்று. பெண்களின் கதையை ஆண் குழு மட்டும் போய் எடுக்க வேண்டாம். ஒலிக்கோ கேள்வி கேட்கவோ ஒரு பெண் இருந்தால் அந்த அறையின் பேச்சே வேறு.

நடிகர்களை எங்கே பிடிப்பது?

ஊரில் நாடகம் போட்டவர்கள், பட்டிமன்றக்காரர், பள்ளிக்கூட ஆசிரியர்கள், சந்தையில் சத்தமாக விற்பவர்கள். நாடகக்காரரிடம் குரலைக் குறைக்கச் சொல்ல வேண்டும், மற்றவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் இருப்பது நல்லம். வசனத்தைச் சென்னைப் படத் தமிழில் எழுதாதீர்கள். மூதூரில் ஒருவர் பேசுவதுபோல் உவர்மலையில் பேசமாட்டார், அதையும் கவனியுங்கள். நடிகர் தன் வாய்க்கு ஏற்றபடி வசனத்தை மாற்றிச் சொன்னால் அநேகமாக அவர் சொல்வதுதான் சரி.

நோன்பு மாதத்தில் முஸ்லிம் நண்பர்களை மத்தியான வெயிலில் நிற்கவைக்க வேண்டாம், வெள்ளி மத்தியானத்தில் படப்பிடிப்பும் வைக்க வேண்டாம். சிவராத்திரி வாரத்தில் கோணேசர் கோயில் பக்கம் ஒலி எடுக்கலாம் என்று கனவிலும் நினைக்க வேண்டாம்.

காசு?

குறும்படத்தின் செலவில் பெரும்பகுதி சாப்பாடும் போக்குவரத்தும். 8 பேர், 2 நாள், மூன்று நேரம் என்றால் 48 பார்சல். தேநீரும் தண்ணீரும் வேறு. குழுவுக்குச் சம்பளம் கொடுக்க முடியாவிட்டாலும் சாப்பாட்டை நேரத்துக்குக் கொடுங்கள். பசியோடு வேலை செய்தவன் அடுத்த தடவை போன் எடுக்கமாட்டான், அவனைக் குறை சொல்லவும் முடியாது. காசில்லாமல் வருகிறவர்களுக்கு என்ன கொடுக்கப்போகிறீர்கள் என்பதை முதல் நாளே பேசுங்கள்: பெயர் எப்படிப் போடுவீர்கள், அவருடைய படத்துக்கு நீங்கள் எத்தனை நாள் போவீர்கள். நாளுக்கு நாள் என்ற கைமாற்று முறை எங்கள் ஊருக்கு நல்லாகப் பொருந்துகிறது.

கனடாவில் இருக்கும் மாமா காசு தருகிறேன் என்கிறார். ஆனால் இரண்டு பாட்டும் ஒரு சண்டையும் வேண்டுமாம்.

மாமாவுக்கு நன்றி சொல்லுங்கள். அவருக்கு வேண்டியது அவர் ஊரில் அரங்கில் போட்டு நண்பர்களுக்குக் காட்டக்கூடிய படம், அதில் பிழை இல்லை. அப்படி ஒரு படத்தை ஒழுங்காக எடுத்துக் கொடுத்துச் சம்பளம் வாங்கலாம், அதைக் கலியாண வீடியோக் கணக்கில் எழுதுங்கள். உங்கள் படத்துக்கு அவருடைய காசு வேண்டுமென்றால் சின்னத் தொகை கேளுங்கள். சின்னத் தொகைக்கு ஆட்கள் பாட்டுக் கேட்பதில்லை.

எதுவானாலும் ஒரு தாளில் எழுதுங்கள். இது கடனா, அன்பளிப்பா, முதலீடா? படத்தின் உரிமை யாருக்கு? லாபம் வந்தால் எப்படிப் பிரிப்பது? சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு என்று கேட்பார்கள். சொந்தம் கெடக்கூடாது என்பதற்குத்தான்.

உரிமை, இசை பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும்?

இலங்கையில் இதற்கு 2003 இன் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. எழுத்தாளரின் வாழ்நாளும் அதற்குப் பிறகு 70 வருடமும் அவருடைய படைப்புக்குப் பாதுகாப்பு. ஆகவே ஒருவரின் சிறுகதையை எடுக்கப்போகிறீர்கள் என்றால் எழுத்தில் அனுமதி வேண்டும். இறந்துவிட்டார் என்றால் குடும்பத்திடம். சினிமாப் பாட்டு பின்னால் தேநீர்க்கடை வானொலியில் கேட்டாலும் விழாக்காரர் உரிமைக் கடிதம் கேட்பார்கள், யூடியூபும் தானாகப் பிடிக்கும். கடைக்காரரிடம் வானொலியை நிறுத்தச் சொல்லிவிட்டு எடுங்கள். இசைக்கு ஊரில் நாதஸ்வரக்காரரும் கீபோட் வாசிப்பவரும் இருக்கிறார்கள், புதிதாக வாசிக்கவைத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள்.

படம் முடிந்தது. எங்கே அனுப்புவது?

யூடியூபில் உடனே போடாதீர்கள். இணையத்தில் வந்த படத்தைச் சில விழாக்கள் எடுப்பதில்லை. முதல் ஒரு வருடத்தை விழாக்களுக்கு ஒதுக்குங்கள். 2015 இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா எங்களுக்குக் கிட்டவும் உகந்ததும். அங்கே உங்கள் படம் ஓடாவிட்டாலும் போய் உட்கார்ந்து பாருங்கள், திரும்பி வரும்போது மூன்று பேரின் இலக்கமாவது போனில் இருக்கும். வெளியே குறும்படத்துக்கு ஆகப் பெரியது பிரான்ஸின் கிளெர்மோன் ஃபெராண்ட் விழா. நீளப்படத் திட்டம் இருந்தால் ரொட்டர்டாம் விழாவோடு சேர்ந்த ஹூபர்ட் பால்ஸ் நிதி போன்றவை எங்களைப் போன்ற நாடுகளுக்காகவே இருக்கின்றன.

ஃபிலிம்ஃப்ரீவே போன்ற தளங்களில் வாரத்துக்கு ஒரு விருது தருகிற பெயர் தெரியாத விழாக்கள் நிறைய. கட்டணம் டொலரில், சான்றிதழ் பிடிஎஃபில். முகநூலில் போட நல்லாயிருக்கும், வேறு ஒன்றுக்கும் உதவாது. அனுப்புவதற்கு முன்னம் அந்த விழாவில் போன வருடம் எந்தப் படங்கள் ஓடின, எந்த அரங்கில் ஓடின என்று தேடிப் பாருங்கள். உண்மையான விழாவுக்கு மின்னஞ்சல் போட்டுக் கட்டண விலக்குக் கேட்கலாம், வெட்கப்படத் தேவையில்லை.

அரங்கில் ஓட்ட டிசிபி என்ற வடிவம் கேட்பார்கள். டிசிபி-ஓ-மாட்டிக் என்ற இலவச மென்பொருளில் வீட்டிலேயே செய்யலாம். படத்தொகுப்புக்கும் நிறத்துக்கும் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும். துணை வசனத்தை ஆங்கிலத்தில் மட்டும் செய்துவிட்டு நிற்காதீர்கள், சிங்களத்திலும் செய்யுங்கள். உங்கள் படத்தை முதலில் பார்க்க வேண்டியவர்கள் அடுத்த தெருவில் இருக்கிறார்கள்.

ஊரில் எப்படிக் காட்டுவது?

தியேட்டரை மறந்துவிடுங்கள், அது தமிழ்நாட்டுப் படங்களின் இடம். இலங்கைத் தமிழ்ப் படங்கள் 1962 இல் ‘சமுதாயம்’ தொடங்கி எழும்பி நிற்கப் பார்த்தன. 1983 ஜூலைக் கலவரத்தில் கலையகமும் படச்சுருள்களும் எரிந்தபிறகு அந்தத் தொடர்ச்சி அறுந்தது. ஒரு மண்டபம், பாடசாலை, மீனவர் சங்கக் கட்டடம் என்று பாருங்கள். வெள்ளைத் துணியும் புரொஜெக்டரும் இரவல் கிடைக்கும். காசுக்குப் பொதுமக்களுக்குக் காட்டுவதென்றால் தணிக்கைச் சபையின் சான்றிதழும் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் நடைமுறையும் வரும், அதற்கு மாதக்கணக்கில் நேரம் ஒதுக்குங்கள்.

படம் எடுத்த தெருவில்தான் முதல் காட்சி. நடித்த பாட்டி முன் வரிசையில்.

யூடியூபில் காசு வருமா?

விளம்பரக் காசில் பங்கு வர 1,000 சந்தாதாரரும் ஒரு வருடத்தில் 4,000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும். குறும்படம் மட்டும் போடும் சேனல் அந்தக் கணக்கை எட்ட நாள் எடுக்கும். சமையல் சேனல் வைத்திருக்கும் தங்கச்சி உங்களைவிட முதலே எட்டுவார்.

முதல் படத்தை ஒருவரும் பார்க்கவில்லை. விட்டுவிடலாமா?

சிங்களப் பட இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அரசாங்கத் திரைப்படப் பிரிவு வேலையை விட்டுவிட்டு, ஸ்டூடியோவுக்கு வெளியே கமராவைக் கொண்டுபோய் எடுத்த ‘ரேகாவ’ 1956 இல் வந்தது. அடுத்த வருடம் கான் விழாப் போட்டிக்குப் போனது, உள்ளூரில் காசு பார்க்கவில்லை. அவருடைய அடுத்த கதைப்படம் வந்தது 1960 இல். அந்த இடைவெளியைக் கடந்தபடியால்தான் இன்று நாங்கள் அவரைப் பற்றிப் பேசுகிறோம். உங்களுடைய இடைவெளியில் வாடகை கட்டுங்கள், வெட்டும் வேலை எடுங்கள், மற்றவரின் படத்துக்குப் பூம் பிடியுங்கள். முதல் படத்தின் மூலக்கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வீட்டில் வையுங்கள். எங்கள் ஊர் வெள்ளமும் கண்டது, சுனாமியும் கண்டது.

சென்னைக்கு அல்லது கொழும்புக்குப் போனால் நல்லமா?

தொழில் பழக ஓரிரு வருடம் போகலாம். சென்னையில் நீங்கள் நூற்றுக்கணக்கான உதவி இயக்குநரில் ஒருவர், வீசாப் பிரச்சினையும் உண்டு. கொழும்பில் விளம்பரப் பட வேலை இருக்கிறது, சம்பளமும் பரவாயில்லை. போகிறவர்களை நான் தடுப்பதில்லை. திரும்பி வருகிறவர்களுக்குத்தான் வேலை வைத்திருக்கிறேன்.

உங்களிடம் உதவியாளராகச் சேரலாமா?

சேரலாம். உங்கள் தெருவைப் பற்றி மூன்று நிமிடப் படம் ஒன்று எடுத்து அனுப்புங்கள். போனில் எடுத்தால் போதும். ட்ரோன் வேண்டாம், மெதுவான ஓட்டம் (ஸ்லோ மோஷன்) வேண்டாம், பின்னணி இசை வேண்டாம். ஒருவராவது ஏதாவது வேலை செய்துகொண்டிருக்க வேண்டும், அவர் பேசுவது தெளிவாகக் கேட்க வேண்டும். ஆடிக்கு முன்னம் அனுப்பினால் நல்லம். பதில் வர நாளாகும், ஆடிக்கு முந்தியது கலியாண மாதம்.